விழும் சுவிட்சு விளம்பும் செய்தி



தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரையில் நம் கெடா மாநிலத்து வெயிலின் கடுமையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் அக்காலத்தில் வெட்டுக்காட்டிலும் நிழல் இல்லை. தகரக் கூரையின்கீழ் வீட்டிலும் குளிர்ச்சி இல்லை. நம் அண்டை மாநிலமாகிய பெர்லிசில், சூப்பிங் என்னும் இடத்தில், 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் வெப்பம் 40.1 பாகை செல்சியசாகப் பதிவாயிற்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெப்பம் 37 பாகையைக் கடந்து நின்றமையால், பெர்லிசிலும் நம் மாநிலத்தின் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று.

ஆதலால், ஒரு காலத்தில் துரை பங்களாவில் மட்டுமே இருந்த குளிரூட்டி இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் முதலிய ஊர்களின் வரிசை வீடுகளிலும், தோட்டத்து லயன் வீடுகளிலும் இடம் பெற்றிருப்பது வியப்பன்று. வியர்வை சிந்தி உழைத்தவர் இரவில் நன்கு உறங்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை மனம் ஊன்றிப் படிக்க வேண்டும். அதற்கு இக்கருவி உதவுமாயின் அதனை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் குளிரூட்டி வந்த வீடுகள் பலவற்றில் ஒரு குறையும் கூடவே வந்துள்ளது. “ஐயா, ஏர்கண்டிஷனைப் போட்டால் சுவிட்சு விழுந்துவிடுகிறது. மேலே தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. என்ன செய்வது?” என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டுள்ளனர். நான் மின்பொறியாளன் அல்லன். ஆரம்பப் பள்ளி ஆசிரியன். எனினும் நம் பள்ளியிலேயே இத்தொல்லை நேர்ந்து, அதன் காரணத்தைத் தேடிக் கண்டறிந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனை இவ்வாண்டு மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நம் பள்ளியில் நிகழ்ந்தது

நம் கணினி அறைக்கு நல்லுள்ளம் படைத்த ஒருவர் பழைய குளிரூட்டி ஒன்றை நன்கொடையாக வழங்கினார். அது ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. அதனைப் பொருத்திய முதல் வாரம் அறை குளிர்ந்தது, பிள்ளைகள் மகிழ்ந்தனர். இரண்டாம் வாரம் சுவிட்சு விழத் தொடங்கியது. கணினிகள் அணைந்தன, பிள்ளைகள் செய்த வேலை பாதியில் அழிந்தது. சில நாள் இருமுறைகூட விழுந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இப்பொருள் பேசப்பட்டபோது மூன்று யோசனைகள் கூறப்பட்டன. “20 ஆம்பியர் சுவிட்சு போதவில்லை, 40 ஆம்பியர் சுவிட்சு போட்டுவிடுவோம்” என்றார் ஒருவர். “விழாதவாறு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ஒட்டிவிடலாம்” என்றார் மற்றொருவர். “மழைநாளில் விழுவது அந்தப் பெரிய சுவிட்சுதான். அதனைத் தாண்டி நேராகக் கம்பியை இணைத்துவிட்டால் தொல்லை தீரும், நானே செய்து தருகிறேன், செலவும் இல்லை” என்றார் மூன்றாமவர். மூவரும் பள்ளியின்பால் அன்புடையவர்கள்; நல்லெண்ணத்தோடுதான் கூறினர். ஆயினும் மூன்றையும் நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றாகும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயன்களுக்கு அந்தி 6 மணிக்கு எஞ்சின் மின்சாரம் வரும். இரவு 10 மணிக்கு நின்றுவிடும். ஒவ்வொரு வீட்டிலும் பீங்கானில் செய்த பியூஸ் ஒன்று இருக்கும். எங்களுக்கு மூன்று வீடு தள்ளியிருந்த வீட்டில் அந்தப் பியூஸ் அடிக்கடி போயிற்று. அவ்வீட்டுப் பெரியவர் சலிப்படைந்து, மெல்லிய பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி ஒன்றை முறுக்கி வைத்தார். அதன் பின்னர் பியூஸ் போகவே இல்லை. ஒரு மாதம் கழித்து, ஓரிரவில், பலகைச் சுவரினுள் சென்ற கம்பி பற்றி எரிந்தது. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நான்கு வீடுகள் கரிந்தன. தகரப் பெட்டியில் வைத்திருந்த பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் பெரியவரின் அடையாளக் கார்டும் சாம்பலாயின. அவற்றை மீண்டும் பெற அவர் எத்தனை நாள் கூலியை இழந்து, பதிவு அலுவலகத்துக்கு எத்தனை முறை பஸ் ஏறினார் என்பதை நான் கண்ணால் கண்டவன். பத்துக் காசுப் பியூஸ் கம்பி அவரை அத்தனை முறை எச்சரித்திருந்தது. அவரோ அதன் வாயை அடைத்துவிட்டார்.

சுவிட்சு ஏன் விழுகிறது?

மாணவர்களே, கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீரோடு ஒப்பிடலாம். தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தைப் போன்றது வோல்ட். ஓடும் நீரின் அளவைப் போன்றது ஆம்பியர். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என வகுக்கப்பட்டுள்ளது. ஒரு கருவி இழுக்கும் ஆம்பியரை அறிய, அதன் மீது எழுதியிருக்கும் வாட் எண்ணை 230ஆல் வகுத்தால் போதும். 2,300 வாட் கேத்தல் ஒன்று 10 ஆம்பியர் இழுக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவரும் போடத்தக்க கணக்கு இது.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடேறுகிறது. அந்தச் சூட்டின் கணக்கை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் என்னும் அறிஞர் 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு ஆகிறது. 20 ஆம்பியருக்கென இழுத்த கம்பியில் 40 ஆம்பியர் சுவிட்சைப் போட்டால், சுவரினுள் இருக்கும் கம்பி நான்கு மடங்கு சூட்டைத் தாங்கும்படி விடப்படுகிறது. சுவிட்சைப் பெரிதாக்கினோமே தவிர, கம்பியைப் பெரிதாக்கவில்லை. என் தோட்டத்துப் பெரியவர் செய்ததும் இதுவே.

பழைய பியூஸ் தானே உருகி மின்சாரத்தைத் துண்டித்தது. இன்று பெட்டியில் வரிசையாக இருக்கும் சிறு சுவிட்சுகளை எம்.சி.பி. என்பர். உருகாமல் விழுந்து, மீண்டும் தூக்கிவிடத்தக்க இவ்வகைச் சுவிட்சுக்கு ஜெர்மனி நாட்டின் மான்ஹைம் நகரைச் சேர்ந்த ஹூகோ ஸ்டோட்சின் நிறுவனம் 1924ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. அதன் உள்ளே இரண்டு காவலர்கள் இருக்கின்றனர். ஒருவர் பொறுமைசாலி, மற்றவர் அவசரக்காரர். பொறுமைசாலி என்பது இரு வேறு உலோகங்களை ஒட்டிய சிறு தகடு. அளவுக்கு மீறிய மின்சாரம் சற்று நேரம் ஓடினால் அது சூடேறி வளைந்து சுவிட்சை விழச் செய்யும். அவசரக்காரர் என்பது ஒரு கம்பிச்சுருள். கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு மின்சாரம் வெள்ளமாகப் பாயும்போது அது காந்தமாகி, கண் இமைப்பதற்குள் சுவிட்சைத் தள்ளிவிடும்.

ஆகவே, சுவிட்சு எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது என்பதே ஒரு செய்தியாகும். அரை மணி நேரம் கழித்து விழுந்தால் பொறுமைசாலி பேசுகிறார். சுமை மிகுதி என்கிறார். போட்ட மாத்திரத்தில் விழுந்தால் அவசரக்காரர் பேசுகிறார். உடனே ஆபத்து என்கிறார். முட்டுக் கொடுத்து ஒட்டிவைக்கும் யோசனையும் பயன்படாது. நெம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே தொடர்பு அறுபடும்படியே அச்சுவிட்சைச் செய்திருக்கின்றனர்.

பெட்டியில் மற்றொரு சுவிட்சும் உண்டு. சற்று அகலமாக, ‘டி’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தானோடு இருக்கும். அதனை ஆர்.சி.சி.பி. என்பர், ஈ.எல்.சி.பி. என்று சொல்லுவோரும் உளர். அதன் வேலையை விளக்க ஓர் உவமை கூறுகிறேன். பிள்ளைகளை லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, பஸ்ஸிலிருந்து இறங்கியவர் 40 பேர் என்று எண்ணுகிறோம். திரும்ப ஏறும்போதும் எண்ணுகிறோம். 39 பேர்தான் என்றால் பஸ்ஸை எடுக்க விடுவோமா? ஒரு பிள்ளை எங்கோ வழி தவறிவிட்டது என்பது பொருள். ஆர்.சி.சி.பி.யும் அவ்வாறே ஒரு கம்பியில் சென்ற மின்சாரத்தையும் மறு கம்பியில் திரும்பிய மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சென்றதில் சிறிது குறைந்தாலும், அது ஈரச் சுவர் வழியாகவோ, பூமிக் கம்பி வழியாகவோ, ஒரு மனிதரின் உடல் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டது என்று உணர்ந்து, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது.

எவ்வளவு குறைந்தால் விழும்? மனிதரைக் காப்பதற்கென அமைந்த ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியருக்கு விழும். ஓர் ஆம்பியரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு மில்லி ஆம்பியர் எனப்படும். உடலில் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் கைத்தசை இறுகி, பிடித்ததை விட இயலாமற் போகலாம். 30ஐக் கடந்து சில நொடிகள் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் கேடு நேரலாம். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த அளவு ஒரு பொருட்டே ஆகாது. 30 மில்லி ஆம்பியர் என்பது 20 ஆம்பியரில் அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். இவ்வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் பதிக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம் காட்டிய உண்மை

நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியைச் செய்ய வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை மருத்துவருக்குக் கூறிய நெறி. அந்நெறியையே நாங்கள் கைக்கொண்டோம். ஆறாம் ஆண்டு மாணவர் இருவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். சுவிட்சுப் பெட்டியின் அருகே செல்லக் கூடாது என்பது முதல் கட்டளை. சுவிட்சு விழுந்த நாள், மணி, விழுந்தது எது, அப்போது பள்ளியில் ஓடிக்கொண்டிருந்த கருவிகள் யாவை, மழை பெய்ததா என்னும் ஐந்தையும் ஆசிரியரிடம் கேட்டு எழுதி வரச் செய்தேன்.

மூன்று வாரத்தில் 11 முறை சுவிட்சு விழுந்தது. குறிப்புகளைப் பார்த்ததும் உண்மை பளிச்சென்று தெரிந்தது. நாங்கள் ஒரே நோய் என்று எண்ணியிருந்தது உண்மையில் இரண்டு நோய்களாகும். 7 முறை விழுந்தது எம்.சி.பி.; ஏழும் இடைவேளைக்கு முன்னும் பின்னும், ஏறத்தாழ 9.30 முதல் 10.15 மணிக்குள். மீதி 4 முறை விழுந்தது ஆர்.சி.சி.பி.; நான்கும் இரவு மழை பெய்த மறுநாள் காலையில், குளிரூட்டியைப் போட்டவுடன். இதனைக் கண்டுபிடித்தவர்கள் அம்மாணவர் இருவருமே என்பதைப் பெருமையோடு இங்குப் பதிவு செய்கிறேன்.

பதிவு பெற்ற மின்பணியாளர் ஒருவரை வரவழைத்து நோட்டுப் புத்தகத்தைக் காட்டினோம். “இப்படி எழுதி வைத்திருந்தால் என் வேலை பாதி முடிந்தது, ஐயா” என்றார் அவர்.

முதல் நோய்: சுமை மிகுதி

நம் கணினி அறையின் பிளக்குகளும் பக்கத்துச் சிற்றுண்டிச் சாலையின் பிளக்குகளும் ஒரே 20 ஆம்பியர் எம்.சி.பி.யின்கீழ் இருந்தன. மின்பணியாளர் கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவியைக் கொண்டு ஒவ்வொன்றாக அளந்தார். பத்துக் கணினிகள் 5 ஆம்பியர். குளிரூட்டி 7 ஆம்பியர். ஆக 12. இதுவரை இடர் இல்லை. இடைவேளைக்காகச் சிற்றுண்டிச் சாலை அம்மையார் 10 ஆம்பியர் கேத்தலையும் 6 ஆம்பியர் சோற்றுப் பானையையும் போட்டவுடன் மொத்தம் 28 ஆம்பியராயிற்று. பொறுமைசாலியான தகடு சிறிது நேரம் பொறுத்தது, பிறகு விழுந்தது. குளிரூட்டியின் மீது பழி சுமத்தினோம். உண்மையில் ஒரு மாட்டின் மீது இரண்டு வண்டிச் சுமையை ஏற்றியது நாம்தான்.

குளிரூட்டிக்கெனச் சுவிட்சுப் பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் இட்டதும், மீதி 21 ஆம்பியரிலும் சோற்றுப் பானையை வேறொரு கம்பிக்கு மாற்றியதும் இந்நோய் தீர்ந்தது.

அளக்கும்போது மற்றொன்றும் தெரிந்தது. அக்குளிரூட்டி 7 ஆம்பியர் இழுத்திருக்க வேண்டியதில்லை. குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. வெளிப்பெட்டியில் இருக்கும் கம்பிரசர் ஒரு வாயுவை அழுத்திச் சூடாக்கும். அச்சூட்டை விசிறி வெளிக்காற்றில் கலக்கும். குளிர்ந்து திரவமான அது அறைக்குள் வந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தைக் குடிக்கும். அமெரிக்காவின் வில்லிஸ் கேரியர் 1902ஆம் ஆண்டில் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தால் கெடாமல் இருக்கவே முதற் குளிரூட்டி அமைப்பை வகுத்தார். வெளிப்பெட்டியின் தகடுகளில் தூசும் புழுதியும் அடைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்பிரசர் திணறும். திணறினால் அதிக ஆம்பியர் இழுக்கும். நம் வெளிப்பெட்டியில் புல்வெட்டும் இயந்திரம் வாரியிறைத்த புல்லும் மண்ணும் அப்பியிருந்தன. கழுவியபின் அளந்தபோது 7 ஆம்பியர் ஐந்தரை ஆயிற்று. தண்ணீரும் தூரிகையும் செய்த வேலை அது.

வீடுகளில் காணும் வேறு காரணங்கள்

நம் பள்ளியில் இல்லாத இரு காரணங்களை மின்பணியாளர் எடுத்துரைத்தார். லயன் வீடுகளில் இவையே மிகுதி என்றார் அவர்.

ஒன்று, நீண்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர். கம்பிரசர் புறப்படும் அந்த ஒரு கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல நான்கைந்து மடங்கு மின்சாரத்தை இழுக்கும். நின்ற லோரியைத் தள்ளிவிடுவதற்கு ஆள்பலம் அதிகம் வேண்டும். ஓடத் தொடங்கியபின் குறைவாகப் போதும் அல்லவா? அதைப் போன்றதே இது. 20 மீட்டர் நீளமுள்ள மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர், 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புடையது, போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 1 ஓம் தடை தரும். 25 ஆம்பியர் இழுக்கும் அக்கணத்தில் 25 வோல்ட் அவ்வயரிலேயே வீணாகிவிடும். 230 வோல்ட் 205 ஆகக் குறைந்து கருவியைச் சேரும். கம்பிரசர் புறப்பட முடியாமல் உறுமும். உறுமுங்கால் வயரும் சூடேறும், சுவிட்சும் விழும். புதிய ‘இன்வெர்ட்டர்’ வகைக் குளிரூட்டிகள் மெல்லப் புறப்படுவதால் இத்தொல்லை அவற்றில் குறைவு. எனினும் எவ்வகைக் குளிரூட்டியையும் எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டலாகாது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் சமையலறை, படுக்கை, குளிரூட்டி யாவும் அமைந்த வண்டி வீடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவர். தங்குமிடத்தில் நாட்டியிருக்கும் கம்பத்தில் அவ்வண்டிக்கு மின்சாரம் எடுப்பர். அங்கு 120 வோல்ட். பல வண்டிகளுக்குக் கிடைப்பது 30 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 3,600 வாட்தான். கூரைமேல் உள்ள குளிரூட்டி ஓடும்போது உணவு சூடாக்கும் அடுப்பையும் நீர் சூடாக்கியையும் போட்டால் சுவிட்சு விழும். மெல்லிய வயரை நீட்டி இழுத்தாலும், உச்சி வெயிலில் எல்லா வண்டிகளும் ஒருசேர மின்சாரம் எடுத்து வோல்ட் குறைந்தாலும் அவ்வாறே விழும். செல்வநாட்டு வண்டியானாலும் தோட்டத்து லயனானாலும் மின்சாரத்துக்கு ஒரே கணக்குத்தான்.

இரண்டாவது காரணம், அணைத்த உடனே மீண்டும் போடுவது. ஓடி நின்ற கம்பிரசரின் ஒரு புறம் வாயு இறுகியிருக்கும். அது சமனாவதற்கு மூன்று நிமிடமேனும் வேண்டும். அதற்குள் போட்டால் இறுகிய வாயுவை எதிர்த்துக் கம்பிரசர் சுழல இயலாது, சுவிட்சு விழும். பல புதிய கருவிகள் தாமே காத்திருக்கும். பழையவற்றுக்கு நாம்தான் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் பொறுத்துப் போட்டும் உறுமிக்கொண்டே விழுமாயின், கம்பிரசர் புறப்பட உதவும் கப்பாசிட்டர் என்னும் உறுப்பு வலுவிழந்திருக்கலாம். அது விலை குறைந்த உறுப்பே. ஆயினும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்; தொட்டால் தாக்கும். ஆகையால் அப்பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலையே ஆகும்.

இரண்டாம் நோய்: மழைநாளில் விழுந்த சுவிட்சு

இனி அந்த நான்கு மழைக் காலைகளுக்கு வருவோம். மின்பணியாளர் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு வெளிப்பெட்டியின் பின்புறத்தைத் திறந்து பார்த்தார். எங்களையும் அழைத்துக் காட்டினார். உள்பெட்டியிலிருந்து வரும் வயரின் தோலை எலி கடித்திருந்தது. விரல் நகம் அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அது வெளிப்பெட்டியின் இரும்புச் சட்டத்துக்கு மயிரிழை தூரத்தில் இருந்தது. வெயில் நாளில் ஒன்றும் நேராது. மழைநீர் வழிந்து நனைத்தால் மின்சாரம் செம்பிலிருந்து சட்டத்துக்குத் தாவும். பூமிக் கம்பி அதனை வாங்கி மண்ணுக்கு அனுப்பியது. கணக்குக் குறைவதை உணர்ந்து ஆர்.சி.சி.பி. விழுந்தது. அந்தப் பூமிக் கம்பியின் திருகும் துருப்பிடித்துத் தளர்ந்தே இருந்தது.

மாணவர்களே, அந்த வெளிப்பெட்டி எங்கே இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் கைகழுவ வரிசையாக நிற்கும் தண்ணீர்க் குழாயின் அருகே, முதலாம் ஆண்டுப் பிள்ளையின் தோள் உயரத்தில் இருந்தது. மழை பெய்த காலையில் தரை நனைந்திருக்கும், கை நனைந்திருக்கும், சிலர் காலணியைக் கழற்றி வைத்திருப்பீர்கள். வரிசையில் நிற்பவர் அந்தச் சட்டத்தின் மீது சாய்ந்துகொள்வதும் உண்டு.

பெரிய சுவிட்சைத் தாண்டி நேராகக் கம்பியை இணைத்திருந்தால், மழைநாளில் எதுவும் விழுந்திருக்காது. கணினிகள் அணைந்திருக்கமாட்டா. நாங்களும் தொல்லை தீர்ந்தது என்று மகிழ்ந்திருப்போம். தளர்ந்த அந்தத் திருகு கழன்று விழும் நாள் வரை மகிழ்ந்திருப்போம். அதன் பிறகு மின்சாரம் மண்ணுக்குச் செல்ல வேறு வழி தேடியிருக்கும்.

அன்று அவ்விடத்தில் நின்றவர்களுள் மூன்றாவது யோசனையைக் கூறிய தந்தையாரும் ஒருவர். அவருடைய இளைய மகள் நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் படிக்கிறாள். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வயரையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வயரும் திருகும் மாற்றப்பட்டன. வயர் கெட்டிக் குழாய்க்குள் விடப்பட்டது. வெளிப்பெட்டி பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தந்தையார் தாமே கம்பிவலை வாங்கி வந்து அதனைச் சுற்றி ஒரு கூண்டு அமைத்துத் தந்தார். அவருக்குப் பள்ளியின் நன்றி உரியதாகும்.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை

பெற்றோர்கள் கீழ்க்காணும் குறிப்புகளை வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

1. சுவிட்சு விழுந்தால் முதலில் எது விழுந்தது என்று பாருங்கள். சிறிய எம்.சி.பி.யா, ‘டி’ பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி.யா என்று குறித்துக்கொள்ளுங்கள். மணியையும், மழையா வெயிலா என்பதையும் எழுதுங்கள்.

2. எம்.சி.பி. விழுந்திருந்தால், குளிரூட்டியையும் கேத்தல், சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டி முதலியவற்றையும் அணையுங்கள். மூன்று நிமிடம் கழித்து, உலர்ந்த கையோடும் காலணியோடும் ஒரே ஒருமுறை தூக்கிவிடுங்கள். கருவிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

3. இரண்டாம் முறையும் விழுந்தால் விட்டுவிடுங்கள். மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவது தீக்கு விறகு இடுவதாகும்.

4. ஆர்.சி.சி.பி. விழுந்து, குளிரூட்டியின் சுவிட்சை அணைத்தபின் நிற்குமாயின், குறை குளிரூட்டியில் இருக்கக்கூடும். அதனைப் போடாதீர்கள், வெளிப்பெட்டியைத் தொடாதீர்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

5. எரிந்த வாடை வந்தாலும், பிளக் கருகியிருந்தாலும், சுவிட்சுப் பெட்டி தொடச் சுட்டாலும் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு ஆள் அழையுங்கள்.

6. உள்பெட்டியின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். வெளிப்பெட்டியின் முன்னே துணி, பலகை, செருப்பு எதனையும் குவிக்காதீர்கள்.

7. குளிரூட்டிக்குத் தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் வேண்டும். கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கச் சொல்லாதீர்கள். அவ்வாறு செய்து தருவதாக ஒருவர் கூறினால் அவரை நம்பாதீர்கள்.

8. மாதம் ஒருமுறை ‘டி’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. உடனே விழ வேண்டும். விழாவிட்டால் காவலர் உறங்குகிறார் என்பது பொருள். அதனை மாற்ற வேண்டும்.

9. இடி மின்னல் வேளையிலும் சில சமயம் சுவிட்சு விழுவதுண்டு. மழை ஓய்ந்தபின் ஒருமுறை தூக்கிவிட்டு நின்றால் கவலையில்லை. இடி தொலைவில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவது நன்று.

10. கம்பி வேலைக்கு எரிசக்தி ஆணையமாகிய ‘சுருஹான்ஜாயா தெனாகா’வில் பதிவு பெற்றவரையே அழையுங்கள். தோட்ட வீடாயின் முதலில் அலுவலகத்தில் தெரிவியுங்கள். தெரிவித்ததை நாளிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவுரை

பதிவு பெற்ற மின்பணியாளருக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். மாதச் சம்பளத்தில் ஒவ்வொரு ரிங்கிட்டையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவனே நானும். அதனால்தான் மேற்கூறியவற்றுள் பாதிக்கு மேல் காசு செலவின்றிச் செய்யத்தக்கவையாகத் தேர்ந்தெடுத்தேன். எழுதி வைப்பதற்கும், வலையைக் கழுவுவதற்கும், கேத்தலைச் சற்றுப் பொறுத்துப் போடுவதற்கும் பணம் வேண்டா. அவற்றையெல்லாம் செய்த பின்னரும் சுவிட்சு விழுமாயின், அப்போது செலவிடும் தொகை வீண் செலவன்று.

வகுப்பில் ஒரு பிள்ளை அடிக்கடி அழுதால், நல்லாசிரியர் அதன் வாயைப் பொத்துவதில்லை. வயிற்றுவலியா, பசியா, வீட்டில் ஏதேனும் துயரா என்று விசாரிக்கிறார். வீட்டுச் சுவரில் உள்ள சுவிட்சும் அவ்வாறே கேட்கப்பட வேண்டியது. அது விழும்போது சினங்கொள்ளாமல், “எதைக் கண்டு விழுந்தாய்?” என்று கேட்டுப் பழகுவோம்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. 11 வரிகள் எழுதப்பட்டுள்ளன. பன்னிரண்டாம் வரி இதுவரை எழுதப்படவில்லை. அதனைக் காண விரும்பும் பெற்றோர் பள்ளி நேரத்தில் எப்போது வந்தாலும் காட்டுவேன்.



தலைமையாசிரியர்